கையடக்க லேசர்: உறையில் இருக்கும் மில்லிவாட்டை நம்பாதீர்கள்

சாவி போட்டுத் திறக்கும் பச்சை லேசர் டார்ச் திருவிழாக் கடையிலும் இணையத்திலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முனையில் திருகும் நட்சத்திர மூடி, உள்ளே சார்ஜ் ஏற்றும் 18650 செல். வாங்குகிறவர்களுக்கு இது விளையாட்டுச் சாமான். ஆனால் இதே 532 நானோமீட்டர் பச்சைக் கதிரால்தான் சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைக்குக் கண் மருத்துவர்களான நாங்கள் சூடு வைத்துச் சிகிச்சை செய்கிறோம். ஏறக்குறைய 100 முதல் 200 மில்லிவாட், பத்தில் ஒரு விநாடியோ அதற்கும் குறைவோ போதும். அந்த இடம் வெளுத்துத் தழும்பாகிவிடும். எழுத்துப் படிக்கவும் முகம் அறியவும் தேவையான நடுப்புள்ளி ஃபோவியா. அதன் மேல் மட்டும் படாமல் அவ்வளவு கவனமாக ஒதுங்கிச் சுடுவோம். லேசர் டார்ச்சுக்குள் உற்றுப் பார்க்கும் குழந்தைக்கோ சூடு விழுவது நேராக அந்த ஃபோவியாவில்.

சிகிச்சையில் கதிர் 100 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் அகலமான வட்டமாக விழும். டார்ச்சின் இணைக்கதிரைக் கண்ணின் லென்ஸ் சுமார் 20 மைக்ரான் புள்ளியாகக் குவித்துவிடுகிறது. அதனால்தான் மிகச் சிறிய அளவுகளே எல்லையாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஆபத்தின் அளவைப் பொறுத்து லேசர்களை வகுப்புகளாகப் பிரிப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 1 மில்லிவாட் வரை 2-ஆம் வகுப்பு. தற்செயலாகப் பட்டால் கால் விநாடிக்குள் இமை மூடிக் காப்பாற்றிவிடும். 5 வரை 3ஆர், 500 வரை 3பி, அதற்கு மேல் 4-ஆம் வகுப்பு. 4-ஆம் வகுப்பில் சுவரில் பட்டுச் சிதறும் ஒளியே கண்ணைக் கெடுக்கலாம், தோலும் வெந்துபோகும்.

உறையில் ‘5 மில்லிவாட்டுக்குக் கீழ்’ என்று அச்சடித்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அமெரிக்காவின் தேசியத் தர ஆய்வு நிறுவனம் 122 லேசர் சுட்டிகளை (பாயின்டர்) சோதித்து 2013-இல் வெளியிட்ட முடிவின்படி, பச்சையில் சுமார் 90 விழுக்காடும் சிவப்பில் 44 விழுக்காடும் அந்நாட்டு விதிக்கு உட்படவில்லை.

பச்சைச் சுட்டியின் கோளாறு அதன் அமைப்பிலேயே இருக்கிறது. உள்ளே இருக்கும் டையோடு வெளிவிடுவது 808 நானோமீட்டர் அகச்சிவப்பு. ஒரு படிகம் அதை 1064 ஆக மாற்ற, இன்னொரு படிகம் பாதியாக்கி 532 ஆக்குகிறது. மிச்சமாகும் அகச்சிவப்பைத் தடுக்க ஒரு சிறிய வடிகட்டிக் கண்ணாடி வேண்டும். மலிவுச் சரக்கில் மிச்சம் பிடிப்பது அங்கேதான். படிகம் சற்றே நகர்ந்தால் பச்சை மங்கும், அகச்சிவப்பு அப்படியே வெளியே வரும். 10 மில்லிவாட் என்று விற்ற ஒரு மங்கலான சுட்டியிலிருந்து ஏறக்குறைய 20 மில்லிவாட் அகச்சிவப்பு வந்ததை அதே நிறுவனம் 2010-இல் பதிவு செய்தது. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, அதற்கு இமை மூடாது. ‘வெளிச்சம் கம்மிதானே’ என்று உற்றுப் பார்ப்பது அதனால்தான் இவ்வளவு ஆபத்து.

நீல லேசர் இன்னும் மோசம். 445 நானோமீட்டர் நீலத்தை நம் கண் மிக மங்கலாகவே உணரும். ஒரு வாட் நீலம் சில பத்து மில்லிவாட் பச்சை அளவுக்குத்தான் பளிச்சிடும். சவூதியின் கிங் காலித் கண் மருத்துவமனை இத்தகைய கையடக்க நீல லேசரால் பாதிக்கப்பட்ட 14 பேரைப் பற்றி அறிக்கை தந்தது. கருவிகளின் திறன் 150 முதல் 1200 மில்லிவாட். சிலருக்கு விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவில் ஓட்டையே விழுந்திருந்தது.

விழித்திரைக்கு வலி தெரியாது. பட்டதும் கண் கூசும், பார்வை நடுவில் ஒரு திட்டு நிற்கும். சில நிமிடங்களில் மறைந்தால் அது வெறும் பின்பிம்பம். மறுநாளும் அதே இடத்தில் நின்றாலோ, கோடுகள் வளைந்து தெரிந்தாலோ அது காயம். கண்ணைத் தேய்க்காதீர்கள், மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போடாதீர்கள். அன்றே விழித்திரை மருத்துவரிடம் போய், விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் எடுங்கள். செல்லைக் கழற்றிவிட்டு அந்தக் கருவியையும் கொண்டு வாருங்கள். எந்த நிறம், எவ்வளவு தூரம், எத்தனை நேரம் என்பது தெரிய வேண்டும். வெந்துபோன ஒளியுணர் செல்களை மீட்கும் நிச்சயமான மருந்து கிடையாது. மாக்குலா ஓட்டைக்கு அறுவை சிகிச்சை உண்டு.

குழந்தைகள் வசவுக்குப் பயந்து சொல்லாமல் விடுவார்கள். தழும்பு சில பரம்பரை மாக்குலா நோய்களைப் போலத் தோன்றும் என்பதால் நோயறிதலே திசைமாறக்கூடும். பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லி, கண்ணாடி முன் நின்று லேசர் அடித்தாயா என்று பிள்ளையிடம் தன்மையாகக் கேட்டாலே பல நேரம் விடை கிடைத்துவிடும்.

வானத்தில் அடிப்பது தனிக் குற்றம். வெறும் 5 மில்லிவாட் பச்சைக் கதிர் சுமார் 16 மீட்டர் வரை கண்ணைக் காயப்படுத்தலாம். ஆனால் இரவில் மூன்றரை கிலோமீட்டர் தள்ளி வரும் விமானியின் கவனத்தையும் அது சிதறடிக்கும். கதிர் விரிந்து, விமானத்தின் முன்கண்ணாடி முழுக்க ஒளி பரவும். அதுவும் தரையிறங்கும் நேரத்தில். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் மீது லேசர் அடித்ததாகவும் புகார்கள் வந்திருக்கின்றன. இந்திய விமான விதிகளின் 66-ஆம் விதியில் 2023-இல் செய்த திருத்தம், லேசர் ஒளியை வெளிப்படையாகச் சேர்த்து, விமான நிலையத்தைச் சுற்றிய எல்லையை 5 கிலோமீட்டரிலிருந்து 5 கடல்மைலாக, அதாவது சுமார் 9 கிலோமீட்டராக நீட்டியது. பிரிட்டனில் 2018 சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறை. சுவிட்சர்லாந்து 2019 ஜூன் முதல், இயல்பான பயன்பாட்டில் கண்ணுக்குக் கெடுதி செய்யாத 1-ஆம் வகுப்புச் சுட்டிகளை மட்டுமே அனுமதிக்கிறது. நமக்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும் என்பதே என் கருத்து.

பாடம் நடத்தச் சுட்டி தேவையென்றால் 2-ஆம் வகுப்பு, 1 மில்லிவாட்டுக்குக் கீழ், 650 நானோமீட்டர் சிவப்பு, தயாரிப்பாளர் பெயரும் அலைநீளமும் அச்சிட்டது என்று பார்த்து வாங்குங்கள். நெருப்புக்குச்சி பற்றும், பலூன் வெடிக்கும் என்று விளம்பரம் செய்யும் எதுவும் சுட்டியே அல்ல. வீட்டில் ஏற்கெனவே இருந்தால் செல்லைக் கழற்றி, இரண்டையும் மின்கழிவு சேகரிப்பில் கொடுத்துவிடுங்கள். குப்பைத்தொட்டியில் போட்டால் இன்னொரு பிள்ளையின் கைக்குத்தான் போகும்.