காற்றில் போகாத கடவுச்சொல்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் ரீச்சர்தான். இரவில் கனடாவில் இருக்கும் மகளோடு அரை மணித்தியாலம் வீடியோவில் கதைப்பார், காலையில் மடிகணினியில் பேப்பர் வாசிப்பார். அதற்கு மேல் இணையத்தை அவர் தொடுவதில்லை. அப்படியிருந்தும் சென்ற மாதம் அவருடைய டேட்டா பதினைந்தாம் திகதியே தீர்ந்துபோனது. என்னைக் கூப்பிட்டார். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தால், அவருடைய மடிகணினி, கைத்தொலைபேசி, டிவி மூன்றோடும் அவருக்குத் தெரியாத நான்கு கருவிகள் இணைந்திருந்தன.

"தம்பி, வயர் இல்லாமல் எல்லாம் காத்திலதானே போகுது? அப்ப நான் பாஸ்வேர்ட் அடிக்கேக்க அதுவும் காத்திலதானே போகும்? ஆரும் அதைப் பிடிச்சிருப்பினமோ?"

எத்தனையோ வருடமாகக் கணினி படிப்பிக்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவர்களை விரல்விட்டு எண்ணலாம். அன்று படிக்கட்டில் நின்று சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வைஃபை ஒரு ரேடியோ. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் அதன் அலைநீளம் ஏறக்குறைய 12.5 சென்ரிமீற்றர். செங்கல் சுவர் அதைக் கொஞ்சம் விழுங்கும், கதவும் ஜன்னலும் பெரிதாகத் தடுக்கமாட்டா. ரீச்சரின் ரவுட்டர் பேசுவது அவருடைய வரவேற்பறையில் மட்டுமல்ல, எதிர் வீட்டிலும், மேல்மாடியிலும், கீழே கார் நிறுத்துமிடத்திலும் கேட்கும். கேட்பதை யாராலும் தடுக்க முடியாது. கேட்டவருக்கு விளங்காமல் செய்யத்தான் முடியும்.

அப்படியென்றால் கடவுச்சொல்லும் கேட்குமே? கேட்காது. அது காற்றில் போவதே இல்லை. வீட்டு வைஃபையில் பெரும்பாலும் இருப்பது டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறை, 2004ஆம் ஆண்டு வந்தது. அதில் மடிகணினியும் ரவுட்டரும் ஒரே சொல் தங்கள் இருவருக்கும் தெரியும் என்பதை, அந்தச் சொல்லைச் சொல்லாமலே ஒன்றுக்கொன்று நிரூபிக்கின்றன. எனக்கு இன்றைக்கும் அலுக்காத விடயம் இது.

அம்மா தூள் இடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மிளகாய், மல்லி, சீரகம், மிளகு எல்லாவற்றையும் வறுத்து அரைத்துவிட்டால், அந்தத் தூளிலிருந்து மிளகாயைத் தனியே திருப்பி எடுக்க முடியாது. ஆனால் அதே சாமான், அதே அளவு, அதே வறுவல் என்றால் கொழும்பில் அரைத்தாலும் கொடிகாமத்தில் அரைத்தாலும் ஒரே தூள். கணிதத்தில் இப்படி ஒருவழியாக மட்டும் அரைக்கும் சார்புகள் உண்டு. முன்னோக்கிப் போவது எளிது, திரும்பி வர வழியில்லை. தூளைவிட அவை கண்டிப்பானவை: கடவுச்சொல்லில் ஓர் எழுத்து மாறினாலும் வருவது முற்றிலும் வேறொன்று.

ரவுட்டரும் மடிகணினியும் முதலில் தத்தம் இடத்தில் கடவுச்சொல்லையும் வலையமைப்பின் பெயரையும் சேர்த்து 4096 தடவை அரைத்து வைத்துக்கொள்கின்றன. இது இரண்டு பக்கத்திலும் ஒன்றாகவே இருக்கும், வெளியே போகாது. பிறகு நான்கு செய்திகள். முதலாவதில் ரவுட்டர் அந்தக் கணத்தில் பிறந்த ஓர் எழுமாற்று எண்ணை வெளிப்படையாகச் சொல்கிறது. மடிகணினி தானும் ஓர் எண்ணை உருவாக்கி, இரண்டு எண்களையும் இரு கருவிகளுக்கும் உரிய அடையாள முகவரிகளையும் தன்னிடமிருக்கும் தூளோடு சேர்த்து மறுபடி அரைக்கிறது. கிடைப்பது அந்த இணைப்புக்கு மட்டுமான சாவி. இரண்டாவது செய்தியில் தன் எண்ணை அனுப்புகிறது. கூடவே, அந்தச் சாவியால் இட்ட ஒரு முத்திரையையும் அனுப்புகிறது. ரவுட்டரும் அதே சாமான்களை அரைத்து முத்திரையை ஒப்பிடுகிறது. பொருந்தினால் எதிரில் இருப்பவருக்குக் கடவுச்சொல் தெரியும் என்று பொருள். மூன்றாவதில் ரவுட்டர் தன் முத்திரையைக் காட்டித் தானும் போலி இல்லை என்று நிரூபிக்கிறது. நான்காவது, சரி என்ற தலையசைப்பு. ஒரு செக்கன்கூட ஆகாது. அடுத்த முறை இணையும்போது எண்கள் புதியவை, சாவியும் புதியது. அதனால் நேற்றைய உரையாடலைப் பதிவுசெய்து இன்றைக்குத் திருப்பி ஒலிபரப்பி உள்ளே வர முடியாது.

இதிலே ஓர் ஓட்டை இருக்கிறது. கார் நிறுத்துமிடத்தில் மடிகணினியோடு ஒருவன் இருக்கிறான் என்று வைப்போம். அவனுக்கு இரண்டு எண்களும் கேட்டன, முகவரிகளும் கேட்டன, முத்திரையும் கையில் கிடைத்தது. இல்லாதது கடவுச்சொல் மட்டும். அவன் எழும்பி வீட்டுக்குப் போகலாம். அங்கே ஒரு சொல்லை ஊகித்து, அதே முறையில் அரைத்து, வரும் முத்திரை பிடித்து வந்த முத்திரையோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம். இல்லையா, அடுத்த சொல். நமது ரவுட்டருக்கு இது எதுவும் தெரியாது. மூன்று தடவை பிழைத்தால் பூட்டிவிடும் வங்கி அட்டை மாதிரி எண்ணிக்கொண்டிருக்க அங்கே யாரும் இல்லை. நாம் இணையும் நேரம் பார்த்து அவன் காத்திருக்கவும் தேவையில்லை. ரவுட்டர் சொல்வதுபோல "தொடர்பு முடிந்தது" என்று ஒரு பொய்ச் செய்தியை அனுப்பினால், பெரும்பாலான பழைய கருவிகள் அதை நம்பித் துண்டித்துக்கொண்டு உடனே மறுபடி இணையும். அந்த நான்கு செய்திகளும் திரும்ப ஒலிக்கும்.

ஆகவே எல்லாம் கடவுச்சொல்லை ஊகிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதில் வந்து நிற்கிறது. நல்ல கேமிங் கணினி ஒன்றின் கிராபிக்ஸ் அட்டை செக்கனுக்கு 5 இலட்சம் ஊகங்களைச் சோதிக்கும். புதியவை அதையும் தாண்டும். இலங்கையில் எத்தனை வீடுகளில் வைஃபையின் கடவுச்சொல் ஒரு தொலைபேசி இலக்கம் என்று யோசித்துப் பாருங்கள். பத்து இலக்கம், நீளமாகத்தான் தெரிகிறது. ஆனால் கைத்தொலைபேசி என்றால் 070, 071, 072, 074, 075, 076, 077, 078 என்று எட்டுத் தொடக்கங்கள், பிறகு ஏழு இலக்கங்கள். மொத்தம் 8 கோடி. 160 செக்கன்களில் அத்தனையும் முடிந்துவிடும். கொழும்பு வீட்டுத் தொலைபேசி என்றால் 011 எல்லோருக்கும் பொது, மிச்சம் ஒரு கோடிதான். 20 செக்கன்.

ரீச்சரின் கடவுச்சொல் அவருடைய வீட்டுத் தொலைபேசி இலக்கம். இணைப்புப் போட வந்த பையன், மறக்காமல் இருக்கும் என்று அப்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எங்கள் கட்டடத்தில் அதற்கு 20 செக்கன்கூடத் தேவைப்பட்டிராது. கீழே காவலாளியின் மேசைக்கு மேல் ஒவ்வொரு வீட்டின் தொலைபேசி இலக்கமும் எழுதி ஒட்டியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எங்கள் கட்டடத்திலேயே இரண்டு வீடுகளில் ரவுட்டருக்கு மேல் "கதிர்வீச்சைத் தடுக்கும்" ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். ரவுட்டரின் ஒலிபரப்பு வலு 0.1 வாட் அளவில்தான். அதன் அலைகளுக்கு நம் உடலில் ஓர் அணுவிலிருந்து இலத்திரனைப் பிரிக்கும் சக்தி கிடையாது. அந்த ஸ்டிக்கர் உண்மையில் எதையாவது தடுத்தால் வைஃபையே வேலை செய்யாது. இல்லாத ஆபத்துக்குச் செலவழித்த அந்த வீட்டில் கடவுச்சொல் 12345678 என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது, விற்றவர்கள் மேல்.

இனி நல்ல செய்தி. 2018இல் டபிள்யூபிஏ3 வந்தது. அதில் இரு பக்கமும் கடவுச்சொல்லிலிருந்து பிறந்த ஓர் இரகசியத் தொடக்கப் புள்ளியை வைத்து, 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட வழியில், சாவியையே அனுப்பாமல் ஒரே சாவியை உருவாக்கிக்கொள்கின்றன. ஒட்டுக்கேட்டவன் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்க்க அங்கே எதுவும் சிந்துவதில்லை. ஒவ்வோர் ஊகத்துக்கும் அவன் நேரில் வந்து ரவுட்டரின் கதவைத் தட்டியாக வேண்டும், தட்டுவதை ரவுட்டர் எண்ணலாம், தாமதப்படுத்தலாம். கடவுச்சொல் நாளைக்கு அம்பலமானாலும் இன்று பதிவுசெய்து வைத்ததைத் திறக்க முடியாது. டபிள்யூபிஏ2இல் அந்தப் பாதுகாப்பு இல்லை. பலர் சேர்ந்து வாடகைக்குத் தங்கும் போடிங்கில் பத்துப் பேர் ஒரே கடவுச்சொல்லில் இருந்தால், இணையும் நேரத்தைப் பிடித்த ஒருவர் மற்றவருடைய ரேடியோ உரையாடலைத் திறக்கலாம். வங்கித் தளங்களும் வாட்ஸ்அப்பும் தங்கள் பங்குக்குத் தனியே பூட்டிக்கொள்வதால்தான் பெரிய சேதம் இல்லாமல் தப்புகிறோம்.

புதிய முறை வந்த கையோடு அதிலும் பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டன. 2017இல் டபிள்யூபிஏ2இன் நான்கு செய்திகளில் மூன்றாவதைத் திரும்பத் திரும்ப அனுப்பி ஏமாற்றலாம் என்று காட்டியவர் பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் மத்தி வான்ஹூஃப். 2019இல் டபிள்யூபிஏ3இன் குறைகளை இயால் ரோனன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து வெளிக்கொணர்ந்தவரும் அவரே. இரண்டும் திருத்தப்பட்டுவிட்டன. திருத்தம் நம் கருவிக்கு வந்து சேர வேண்டுமென்றால் அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது. உலகம் முழுக்க உள்ள வீட்டு ரவுட்டர்களை அலசும் இந்த வேலை பல்கலைக்கழக மேசைகளில் நடக்கிறது. இலங்கை ஆராய்ச்சிக்கு ஒதுக்குவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு ஒன்றைக்கூட நெருங்குவதில்லை. மொறட்டுவையிலும் யாழ்ப்பாணத்திலும் இதே திறமையுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது படிப்பித்த எனக்குத் தெரியும். அவர்கள் விமானமேறிய பிறகுதான் ஆய்வாளர்களாகிறார்கள்.

ரீச்சர் வீட்டில் என்ன செய்தேன்? பொத்தானை அமத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை நிறுத்தினேன். பொத்தான் தவிர எட்டு இலக்க இரகசிய எண் ஒன்றாலும் அதில் இணையலாம், அந்த எண்ணுக்கு 10 கோடி சாத்தியம் இருக்க வேண்டும். ஆனால் ரவுட்டர் முதல் நான்கு இலக்கம் சரியா பிழையா என்பதைத் தனியாகவே சொல்லிவிடுகிறது, கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிடுவது. 10,000 கூட்டல் 1,000, ஆக 11,000 முயற்சி போதும். 2011இல் இது அம்பலமானது. ரவுட்டருக்குள் நுழையும் அட்மின் கடவுச்சொல்லையும் மாற்றினேன், அது வேறு, வைஃபையினது வேறு. வலையமைப்பின் பெயரை மறைப்பதில் பயனில்லை, நமது கைத்தொலைபேசியே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்.

கடவுச்சொல்லை ரீச்சரே தெரிவுசெய்தார். பேப்பரை விரித்துக் கண்ணை மூடி விரல் வைத்தார், ஆறு தடவை. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஆறு சொற்கள், ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும், 63 எழுத்துக்குள் அடங்க வேண்டும். ஒவ்வொன்றும் ஆயிரம் சொற்களில் ஒன்று என்று வைத்தால் ஒன்றுக்குப் பின் 18 சைபர். அதே கிராபிக்ஸ் அட்டைக்கு 63,000 வருடம். டிவி பழையது, டபிள்யூபிஏ3 அதற்குத் தெரியாது. அதனால் ரவுட்டரை டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த நிலையில் விட்டேன். அந்த நிலையில் பழைய ஓட்டை திறந்துதான் இருக்கும், நீளமான சொல்தான் காவல்.

"எழுதி வைக்கலாமோ தம்பி?" என்று கேட்டார். தாராளமாக எழுதலாம். கார் நிறுத்துமிடத்தில் இருப்பவனுக்கு ரீச்சரின் குசினிக்குள் வர முடியாது. கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, தூள் போத்தல்கள் வைக்கும் அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினார்.