ஓசிடியும் அடுக்குப் பித்தும்

காட்பாடியில் அக்கா வீடு. அக்கா மகன் மைன்கிராஃப்ட் என்ற வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தான். ஆடினான் என்று எப்படிச் சொல்வது, அரை மணி நேரமாகப் பெட்டிகளில் சாமான் அடுக்கினான். பெட்டிக்கு 27 கட்டம், கட்டத்துக்கு 64 கல். கல்லுக்கு ஒரு பெட்டி, மரத்துக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று. சும்மா இருக்காமல் ஒரு மண்கட்டியைக் கல் பெட்டியில் போட்டுவிட்டேன். "இன்னா மாமா, இப்டிப் பண்ணிட்ட!" என்று பதறி எடுத்தவன், "எனக்கு ஓசிடி கீது, தெரியும்ல?" என்றான்.

ஓசிடி (OCD) ஒரு மனநோய். சின்னப் பையன், போகட்டும். அவன் பார்க்கும் விளையாட்டுக் காணொளியின் தமிழ் வசன வரியிலும் அதே சொல் ‘கட்டாய ஒழுங்கு நோய்’ என்று ஓடியது. இதை நான் பார்ப்பது மூன்றாவது முறை.

ஓசிடியின் ‘ஓ’ அப்செஷன். லத்தீனில் ஊரை முற்றுகையிடுவதற்கான வினையிலிருந்து வந்தது. 1677-78ல் மராத்தியப் படை நம் வேலூர்க் கோட்டையை வளைத்துக்கொண்டு உட்கார்ந்ததே, அந்த மாதிரி ஓர் எண்ணம் மனத்தை வளைத்து உட்காருவது. ‘சி’ கம்பல்ஷன், உள்ளிருந்து துரத்தும் உந்துதல். ‘டி’ டிஸ்ஆர்டர், கோளாறு. அவ்வளவுதான்.

இதில் ‘ஒழுங்கு’ எங்கிருந்து வந்தது? மூன்று எழுத்திலும் இல்லை. பூட்டிய கதவை இருபது தடவை இழுத்துப் பார்ப்பவருக்கும், தோல் உரியும்வரை கை கழுவுபவருக்கும் ஒழுங்கு ஒரு பொருட்டே இல்லை, பயம்தான் பொருட்டு. அர்த்தமில்லை என்று தெரிந்தே, நிறுத்த முடியாமல் செய்கிறார்கள். நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிலேயே போய்விடும். அக்கா மகனோ சிரித்துக்கொண்டே அடுக்குகிறான், சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து போகிறான்.

‘கட்டாய’ அதைவிட மோசம். நம் பக்கத்தில் "கட்டாயம் வந்துடுப்பா" என்றால் நிச்சயம் வா என்று பொருள். எழுத்தில் கட்டாயக் கல்வி, கட்டாயத் தலைக்கவசம், எல்லாமே அடுத்தவர் நம் தலையில் ஏற்றுவது. இந்த நோயில் அடுத்தவர் யாரும் இல்லை. அகராதியில் முதலில் இருக்கும் சொல்லை எடுத்து ஒட்டுவதுதான் மொழிபெயர்ப்பு என்று நினைத்துவிட்டார்கள். நோயாளியிடம் சொன்னால் புரியுமா என்று ஒருவராவது கேட்டுப் பார்த்திருப்பாரா?

மனநல மருத்துவர்கள் தமிழில் ‘எண்ணச் சுழற்சி நோய்’ என்று எழுதுவதுண்டு. செய்கையை விட்டுவிடுகிறது என்பது குறைதான், ஆனாலும் சுழலில் மாட்டியவரின் நிலைமை காதில் விழுந்ததும் தெரிகிறது. நோய்க்கு அது போதும்.

விளையாட்டில் அடுக்குவதற்கு நோயின் பெயரே வேண்டாம். நேதாஜி மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைக் காம்பெல்லாம் ஒரே பக்கம் பார்க்க ஓர் அம்மா அடுக்குவார். நடுவில் ஒன்றை உருவினால் முறைப்பார். அவருக்கு ஓசிடி என்றா சொல்வோம்? சினிமாப் பித்து, கிரிக்கெட் பித்து என்று சொல்லும் ஊரில் இதற்கு ‘அடுக்குப் பித்து’ என்றால் எல்லாருக்கும் புரியும்.

அக்கா மகனிடம் சொல்லிப் பார்த்தேன்.

"பித்துன்னா பைத்தியமா மாமா?"

"அந்த அளவுக்கு இல்லடா."

"அப்ப ஓசிடியே இருக்கட்டும்" என்று அடுத்த பெட்டியைத் திறந்தான்.