பாத்ரூமுக்குள் வந்த தவளைக்கு உப்புப் போடாதீர்கள்

மழை தொடங்கிவிட்டால் கொழும்பில் வெள்ளவத்தை, கிருலப்பனைப் பக்கமிருந்து என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "டொக்டர், பாத்ரூமுக்குள் தவளை வந்துவிட்டது, உப்புத் தூவினால் போய்விடும்தானே?" மிருக வைத்தியராகச் சொல்கிறேன், துடித்துக்கொண்டுதான் போகும், பிறகு எங்காவது மூலையில் செத்துக் கிடக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈரத்தரையில் பின்னங்கால்களை அகட்டி, வயிற்றை அழுத்திக்கொண்டு அசையாமல் கிடக்கிறதே, அதுதான் அது குடிக்கும் விதம். அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் தோல் மெல்லியது, அதற்கடியில் இரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன, தண்ணீர் நேரே உள்ளே போய்விடும்.

இதைக் கட்டுப்படுத்துவது மூளைக்கு அடியிலுள்ள கபச்சுரப்பி, அதாவது பிட்யூட்டரி. உடல் வறண்டால் அதன் பின்பகுதி வாசோடோசின் என்ற ஹோர்மோனை இரத்தத்தில் விடும். நம் உடலில் சிறுநீரைக் குறைக்கிற வாசோபிரசினுக்கும் இதற்கும் 9 அமினோ அமிலங்களில் ஒன்றுதான் வித்தியாசம். தவளையில் இதற்கு வேலை அதிகம்: தோலில் அக்குவாபோரின் என்ற நீர்வழிகளைத் திறக்கும், சிறுநீரைக் குறைக்கும், சிறுநீர்ப்பையில் தேங்கியிருக்கும் தண்ணீரையும் திரும்ப இரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளும். கபச்சுரப்பிச் சாற்றை ஊசியால் ஏற்றித் தண்ணீரில் விட்ட தவளை எடை கூடுவதை 1921இலேயே பிரூன் என்ற ஆய்வாளர் காட்டிவிட்டார்.

சரி, உப்பு என்ன செய்கிறது? ஹோர்மோனால் வழியைத் திறக்கத்தான் முடியும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது உப்பின் செறிவைப் பொறுத்தது. தவளையின் உடல் திரவம் ஏறத்தாழ 0.65% உப்புக் கரைசலுக்குச் சமம். ஈரத்தோலில் தூள் உப்பு விழுந்தால் அதைவிடப் பல மடங்கு செறிவு, உள்ளே இருந்த தண்ணீர் வெளியே இழுபடும், தாகத்தில் வழிகளைத் திறந்து வைத்திருக்கும் தவளைக்கு இது இன்னும் கொடுமை. தரை கழுவும் கிருமிநாசினியும் அதே தோல் வழியாகத்தான் உள்ளே போகிறது.

அப்புறம், கையில் எடுத்ததும் தேரை மூத்திரம் அடித்துவிட்டது என்று உதறுகிறோமே, அது வறண்ட நாளுக்கென்று சேமித்து வைத்திருந்த தண்ணீர். அதனால் மரு வராது, ஆனால் தேரைக்கு இழப்பு பெரியது.

ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் மூடி, அடியில் அட்டையைச் செருகித் தூக்கி, நிழலில் பூச்சாடிகளுக்கு நடுவே விடுங்கள், வெயில் ரோட்டில் வேண்டாம். வாடிப்போய் இருந்தால் தட்டையான பாத்திரத்தில் மழைத்தண்ணீரோ, குளோரின் போவதற்காக ஒரு நாள் திறந்து வைத்த குழாய்த் தண்ணீரோ ஒரு விரல் தடிப்பளவு ஊற்றி அதில் வையுங்கள். வாளியில் போடாதீர்கள், தேரை ஏறி வர முடியாமல் மூழ்கிவிடும்.