கிளியோபாட்ராவின் வேர்

கிளியோபாட்ரா மாண்டரின் என்று ஒரு குட்டி ஆரஞ்சு இருக்கிறது. தட்டையாக, செக்கச் செவேலென்று இருக்கும். உரித்தால் சுளையெல்லாம் விதை. வாயில் போட்டால் புளிப்பில் கண் தானாக மூடிக்கொள்ளும். இந்தியாதான் இதன் பூர்வீகம் என்று கருதுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜமைக்கா வழியாக ஃபுளோரிடா போய்விட்டது. பழம் மாதக்கணக்கில் உதிராமல் மரத்திலேயே தொங்குவதால் அழகுக்கும் வளர்க்கிறார்கள்.

சரி, அழகு மட்டும்தானா? இல்லை. இதன் நாற்றில் இனிப்பு ஆரஞ்சின் மொட்டைக் கட்டி வளர்த்தால், மேலே காய்ப்பது இனிப்பு ஆரஞ்சு, கீழே உழைப்பது கிளியோபாட்ரா.

அந்த எரிச்சலூட்டும் விதைகளுக்கும் இங்கே வேலை உண்டு. ஒரே விதைக்குள் பல கருக்கள் இருக்கும். பெரும்பாலானவை மகரந்தம் கலக்காமல், தாயின் திசுவிலிருந்தே முளைத்தவை. அதனால் நாற்றுகளில் பெரும்பகுதி தாயின் அச்சாகவே வரும். தோட்டம் முழுக்க ஒரே மாதிரி வேர் வேண்டுமென்றால் விதை போட்டாலே போதும்.

உப்பு நிலத்தில்தான் இதன் சாமர்த்தியம் தெரியும். உப்பிலுள்ள குளோரைடு தண்ணீரோடு வேருக்குள் நுழைந்து, இலைக்கு ஏறி அங்கேயே சேர்ந்துகொண்டே போகும். இலையிலிருந்து நீர் ஆவியாகலாம், குளோரைடு ஆவியாகாதே! முதலில் இலையின் ஓரம் கருகும், அப்புறம் இலையே உதிரும். ஸ்பெயினில் பரவலாக நடப்படும் காரிசோ என்ற வேர்ச்செடி குளோரைடைத் தாராளமாக மேலே விட்டுவிடும். கிளியோபாட்ராவோ அதில் பெரும்பகுதியை வேரிலேயே நிறுத்திவைத்து, மேலே ஏறும் குழாய்களுக்குள் கொஞ்சம்தான் அனுப்பும்.

ஆரஞ்சு இன மரங்களைத் தாக்கும் டிரிஸ்டீசா வைரஸ் விஷயத்திலும் இது கெட்டிக்காரி. புளிப்பு நாரத்தை வேரில் ஒட்டிய இனிப்பு ஆரஞ்சுக்கு அந்த வைரஸ் வந்தால், ஒட்டுக்குக் கீழே உணவு இறங்கும் திசு செத்துப்போகும். இலை தயாரித்த சர்க்கரை வேருக்குப் போகாது. வேர் பட்டினியில் சாகும். பிரேசிலில் 1930-களிலிருந்து லட்சக்கணக்கான மரங்கள் இப்படித்தான் போயின. கிளியோபாட்ரா வேரில் ஒட்டிய மரத்துக்குள் வைரஸ் இருந்தாலும் உணவுப் பாதை அடைபடுவதில்லை.

குறை இல்லாமலும் இல்லை. தண்ணீர் தேங்கும் மண்ணில் வேரழுகல் வரும். பழமும் சற்றுச் சிறுக்கும். இந்த வேரில் நிற்கும் மரம் நல்ல மகசூலுக்கு வர மற்ற வேர்களைவிடக் கூடுதல் வருடங்கள் எடுத்துக்கொள்ளும். கடன் வாங்கித் தோட்டம் போட்டவருக்கு அந்த வருடங்கள் ரொம்ப நீளம்.