கோலி சோடாவும் கம்பி மூடி பீரும்

கோலி சோடா பாட்டிலை மூடி வைத்திருப்பது உள்ளே இருக்கும் காஸ்தான். பாட்டிலைக் கவிழ்த்துத்தான் சோடா ஏற்றுவார்கள். கோலி கழுத்துக்கு உருண்டு வரும், காஸ் அதை ரப்பர் வளையத்தோடு நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். 1870-களில் இங்கிலாந்தில் ஹைரம் காட் உருவாக்கிய இந்த ஏற்பாடு, பாட்டிலுக்குள் போகும்போதே காஸ் ஏறியிருக்கும் பானத்துக்குத்தான் சரிப்படும்.

வீட்டில் காய்ச்சும் பீர் அப்படியில்லை. பாட்டிலில் ஊற்றும்போது அது சப்பென்று இருக்கும். நுரைக்கான காஸ் மூடிய பாட்டிலுக்குள் இனிமேல்தான் உண்டாக வேண்டும். ஆகவே காஸ் வருமுன்பே வாய் இறுக மூடியிருக்க வேண்டும், வந்த பிறகும் மூடி அசையக் கூடாது. இரண்டையும் கருவி ஏதுமில்லாமல் கட்டைவிரலாலேயே முடித்துவிடலாம் என்பதுதான் கம்பி மூடி போட்ட ஸ்விங்-டாப் பாட்டிலின் சிறப்பு. (தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் பீர் காய்ச்சுவது குற்றம். அமெரிக்காவில், ஜெர்மனியில் அளவோடு காய்ச்சிக்கொள்ளலாம்.)

1875-ல் நியூயார்க்கின் சார்ல்ஸ் டி குவில்ஃபெல்ட் இதற்குக் காப்புரிமை வாங்கினார். பின்னாளில் நிலைத்த வடிவில் பீங்கான் மூடி, அதன் அடியில் ஒரு ரப்பர் வாஷர், இரண்டு கம்பிகள், அவ்வளவுதான். ஒரு கம்பி மூடியைக் குறுக்கே கோத்துப் பிடித்திருக்கும். இன்னொன்று பாட்டில் கழுத்தின் இரு குழிகளில் ஊன்றி நெம்புகோலாக வேலை செய்யும். நெம்புகோலைக் கீழே அழுத்தினால் முதலில் விரல் வலிக்கிற அளவுக்கு இறுகும். ஒரு புள்ளியைத் தாண்டியதும் தானே ‘டக்’கென்று கழுத்தோடு படிந்துவிடும். டிபன் கேரியரின் பக்கவாட்டுக் கிளிப்பில் இதே ‘டக்’கைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் புள்ளிக்கு அப்பால், உள்ளிருந்து மூடியை மேலே தள்ளும் எந்த விசையும் நெம்புகோலைக் கழுத்தை நோக்கியே இழுக்கும். கோலி சோடாவின் தந்திரம் இங்கே வேறு வேஷத்தில் வருகிறது.

இனி ஈஸ்டின் வேலை. 500 மில்லி பாட்டிலுக்குச் சுமார் 3 கிராம் சர்க்கரை போதும், முக்கால் டீஸ்பூன். அதைத் தின்று ஈஸ்ட் கிட்டத்தட்ட ஒன்றரை கிராம் கார்பன் டை ஆக்சைடு விடும். வெளியே விட்டால் அது முக்கால் லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். பீரில் ஏற்கெனவே கரைந்திருப்பதையும் சேர்த்தால், 20 டிகிரியில் உள் அழுத்தம் கார் டயரின் அழுத்தத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால் பாதிக்கும் கீழே இறங்கும், ஏனென்றால் குளிர்ந்த திரவத்தில் காஸ் அதிகம் கரையும்.

ஆபத்தும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பீப்பாயில் நொதித்தல் முடியுமுன் அவசரப்பட்டு பாட்டிலில் அடைத்தால், மிச்சமிருக்கும் மால்ட் சர்க்கரையும் காஸாக மாறும். ஹைட்ரோமீட்டரில் (திரவத்தின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவி; சர்க்கரை தீரத் தீர எண் இறங்கும்) 0.004 குறைவதற்கான சர்க்கரை மிச்சமிருந்தாலே போதும், காஸ் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். மூடி விட்டுக்கொடுக்காது, கண்ணாடிதான் வெடிக்கும். வாஷர் வழியே கொஞ்சம் கசியலாம், ஆனால் அதைப் பாதுகாப்பு வால்வாக நம்பக் கூடாது. மூன்று நாள் தொடர்ந்து ஹைட்ரோமீட்டர் ஒரே எண்ணைக் காட்டும்வரை பொறுப்பவர்தான் என் கணக்கில் நல்ல காய்ச்சுநர்.

அலங்காரக் கடைகளில் விற்கும் சதுர ஸ்விங்-டாப் பாட்டிலைத் தொடவே வேண்டாம். அது எண்ணெய்க்கும் சர்பத்துக்கும் ஆனது. உருளைப் பாட்டிலில் அழுத்தம் சுவர் முழுதும் சமமாகப் பரவும். சதுரத்திலோ தட்டையான பக்கம் வெளியே புடைக்கப் பார்க்கும், அந்த இழுப்பெல்லாம் மூலையில் போய்ச் சேரும்.

வாஷரைக் கழற்றித்தான் கழுவ வேண்டும். அதன் அடியில் காய்ந்த பீர்ப் படலத்தில் காட்டு ஈஸ்ட் குடியிருக்கும். சாதாரண ஈஸ்டால் தின்ன முடியாத, மாவுச்சத்திலிருந்து வரும் பெரிய சர்க்கரைகளையும் அவற்றுள் சில தின்றுவிடும். ஒரே பீப்பாயில் இருந்து நிரப்பிய முப்பது பாட்டிலில் ஒன்று மட்டும் பொங்கி வழிந்தால், முதலில் அந்த வாஷரைப் பாருங்கள். பாட்டில் வாயின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தாலோ, வளைத்தால் வெடிப்பு தெரிந்தாலோ மாற்ற வேண்டியதுதான். விலை அற்பம்.

இரண்டு வாரம் அறை வெப்பத்தில் வைத்து, குளிர்வித்துத் திறந்தால் ‘ப்ளாப்’. ஜெர்மனியின் ஃப்ளென்ஸ்பர்கர் பீர் இந்தச் சத்தத்தையே தன் விளம்பரமாக்கிக்கொண்டது. கூடவே பாட்டில் கழுத்தில் ஒரு கணம் வெண்புகை சுழலும். சட்டென்று விரியும் காஸ் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி மூடுபனியாவதுதான் அது. ஊற்றும்போது பாட்டிலை நிமிர்த்தாமல் ஒரே சாய்வில் பிடித்து, அடியில் ஒரு விரற்கடை விட்டுவிடுவார்கள். வேலை முடிந்த ஈஸ்ட் அங்கேதான் படிந்திருக்கிறது.