எட்டு மணி நேரத்தை இருபது விநாடிக்குள் அடைப்பது எப்படி?

இரவு பத்து மணிக்கு உப்புப் போட்டுக் கரைத்து வைத்த இட்லி மாவு, காலை ஆறு மணிக்குப் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது பொங்குவதை மட்டும் யாரும் பார்த்ததில்லை. உளுந்தோடும் அரிசியோடும் இயல்பாகவே வந்து சேரும் லூக்கோனோஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள் மாவிலுள்ள சர்க்கரையைச் சிதைத்துக் கரியமில வாயுவை வெளியிடுகின்றன. உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவைக் குமிழிகளாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆறு சென்டிமீட்டர் உயரத்திற்கு ஊற்றிய மாவு எட்டு மணி நேரத்தில் பன்னிரண்டு சென்டிமீட்டராக உயர்கிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்திற்கு ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான் அது நகர்கிறது. இவ்வளவு மெதுவான நகர்வு நம் கண்ணுக்கு அசைவாகவே தெரியாது. அதை அசைவாக மாற்றிக் காட்டுவதுதான் டைம்லாப்ஸ் காணொளி. அதற்கு ஒரு பழைய கைப்பேசியும், ஒரு கண்ணாடி பாட்டிலும், ஒரு மேசை விளக்கும் போதும்.

டைம்லாப்ஸ் என்பதை ‘வேகமாக ஓட்டப்பட்ட படம்’ என்று சொல்வது வழக்கம். உண்மையில் எதுவும் வேகமாக ஓடுவதில்லை. இடையில் நடந்தவற்றில் பெரும்பகுதியைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம், அவ்வளவுதான். சாதாரணக் காணொளி ஒரு விநாடிக்கு 24 அல்லது 30 படங்களை எடுத்து அதே கணக்கில் திரையிடுகிறது. டைம்லாப்ஸில் நிமிடத்திற்கு ஒரு படம் எடுத்து, அவற்றை விநாடிக்கு 24 வீதம் திரையிடுகிறோம். எட்டு மணி நேரத்தில் 480 படங்கள் கிடைக்கும்; அவற்றை 24 ஆல் வகுத்தால் இருபது விநாடி. அதாவது நிகழ்வு 1,440 மடங்கு விரைவாகத் தெரியும். ஒரு நாளில் உள்ள நிமிடங்களும் அதே 1,440 என்பதால், இந்தக் கணக்கில் ஒரு முழு நாள் சரியாக ஒரு நிமிடத்தில் ஓடி முடியும்.

எத்தனை நேரத்திற்கு ஒரு படம் என்பதை முடிவு செய்வதில்தான் இந்த வேலையின் மூளை இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள, விநாடி முள் உள்ள ஒரு கடிகாரத்தை மாவு பாட்டிலின் அருகில் வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். சரியாக 60 விநாடிக்கு ஒரு படம் எடுத்தால், ஒவ்வொரு முறையும் முள் அதே இடத்தில்தான் இருக்கும். காணொளியில் நிமிட முள் சுழன்றுகொண்டிருக்க, விநாடி முள் செத்துக் கிடப்பது போலத் தெரியும். இடைவெளியை 59 விநாடியாக்கினால் அதே முள் பின்னோக்கி நடக்கும்! காமிரா பொய் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப நிகழும் ஓர் அசைவை அதன் சுற்றுக்கு ஈடான இடைவெளியில் பார்த்தால் இப்படித்தான் தெரியும். எதைக் காட்ட விரும்புகிறோமோ அது இரண்டு படங்களுக்கிடையே சிறிதளவே நகர்ந்திருக்க வேண்டும். மாவுக்கு ஒரு நிமிடம் பொருந்தும். காற்றில் ஓடும் மேகத்திற்கு ஒரு நிமிடம் மிக அதிகம், சில விநாடிகளே சரி. மூன்று நாளில் முளைவிடும் பாசிப்பயறுக்கு ஐந்து நிமிடம் தாராளம். இந்தக் கடிகாரத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. சில செயலிகள் படத்தைச் சேமிக்கும் நேரத்தையும் சேர்த்து 60 விநாடியை 61 ஆக்கிவிடும். அப்போது விநாடி முள் மெல்ல முன்னேறி, செயலியின் குட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இடைவெளியை முடிவு செய்த பிறகு எஞ்சுவது ஒரே விதி: படத்திற்குப் படம் மாவைத் தவிர வேறு எதுவும் மாறக்கூடாது. சொல்வது எளிது, செய்வது கடினம். ஏனெனில் கைப்பேசிக் காமிரா ஒவ்வொரு படத்திற்கும் வெளிச்சம், நிறம், குவியம் (ஃபோகஸ்) ஆகிய மூன்றையும் தானாகவே புதிதாகக் கணக்கிடும் பழக்கம் உடையது. வெள்ளை மாவு உயர உயரப் படத்தில் வெண்மை கூடுகிறது. ‘வெளிச்சம் மிகுந்துவிட்டது’ என்று காமிரா தவறாக முடிவு செய்து, முழுப் படத்தையும் இருட்டாக்குகிறது. விடியும்போது நம் இட்லி மாவு கேழ்வரகு மாவு போலச் சாம்பல் பூத்து நிற்கும். குவியம் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடப்படுவதால், பாட்டில் பெருத்தும் சிறுத்தும் மூச்சு விடுவது போலவும் தெரியும். பெரும்பாலான கைப்பேசிகளில் திரையில் பாட்டிலின் மீது விரலைச் சற்று அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் குவியமும் பூட்டிக்கொள்ளும். ‘ஓப்பன் கேமரா’ போன்ற இலவசச் செயலிகளில் நிறச் சமநிலையையும் பூட்டலாம், தொடர்ந்து எடுக்கும் இடைவெளியையும் குறிக்கலாம்.

விளக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு ஐம்பது சுற்று; ஒவ்வொரு சுற்றிலும் அது இருமுறை உச்சம் தொடுவதால் மலிவான எல்இடி விளக்குகள் பல விநாடிக்கு நூறு முறை மங்கி ஒளிர்கின்றன. காமிராவின் ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விடும் கதவு, 1/1000 விநாடி மட்டும் திறந்தால், ஒரு படம் விளக்கு பிரகாசிக்கும் கணத்திலும் அடுத்த படம் மங்கும் கணத்திலும் சிக்கி, காணொளி முழுவதும் துடிக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 விநாடியில் நிறுத்தினால், ஒவ்வொரு படத்திலும் முழு முழுத் துடிப்புகளே அடங்குவதால் வெளிச்சம் சமமாகிவிடும். சன்னல் திரையை மூடிவிடுவதும் அவசியம். இல்லையென்றால் விடியற்காலை வெளிச்சம் கடைசி இரண்டு விநாடிகளைக் கெடுத்துவிடும்.

மற்றவை கைவேலை. கைப்பேசியை ஒரு செங்கல்லின் மீது ரப்பர் பேண்டால் கட்டி நிறுத்தினாலே போதும், முக்காலி வேண்டாம். சார்ஜரை முதலிலேயே இணைத்துவிட வேண்டும். நடுவில் இணைத்தால் கைப்பேசி ஓர் இழை நகர்ந்தாலும் காணொளி துள்ளும். அழைப்பு வராமல் இருக்க விமானப் பயன்முறை. முழு உயர்தரத் திரைக்கு இரண்டு மெகாபிக்சல் படமே போதும் என்பதால், படத்தின் அளவைக் குறைத்து வைத்தால் நினைவகம் நிரம்பாது. பாட்டிலை மாவால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், மூடியையும் இறுக்காதீர்கள். என் முதல் முயற்சியில் முக்கால் பாட்டில் ஊற்றினேன்; அதிகாலை மூன்று மணியளவில் மாவு வழிந்து மேசையெங்கும் பரவிய காட்சி மட்டும் மிகத் தெளிவாகப் பதிவாகியிருந்தது. எடுத்த படங்களை ஷாட்கட் போன்ற இலவச மென்பொருளில் வரிசையாகச் சேர்த்து, விநாடிக்கு 24 என்று குறித்தால் காணொளி தயார்.

மாவில் தேர்ந்தபின் செடிகளுக்கு வந்தால் வேறொரு புதிர் எதிர்ப்படும். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பெஃபர் 1898 முதல் 1900 வரை செடிகளின் அசைவை இதே முறையில் படச்சுருளில் பதிவு செய்தார். இம்முறையை அறிவியலுக்குப் பயன்படுத்திய முன்னோடிகளில் அவர் ஒருவர். விளக்கு எரிவதைப் பற்றி மாவு கவலைப்படுவதில்லை. செடி அப்படியன்று. பக்கவாட்டில் விளக்கு வைத்தால் முளை அதை நோக்கி வளைகிறது. இரவெல்லாம் எரியவிட்டால், இரவில் இலை மூடும் செடி குழம்புகிறது. நாம் பார்ப்பதற்காக வைத்த வெளிச்சமே பார்க்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது. ஆய்வகங்களில் இதற்காகச் செடியின் வளர்ச்சியை அதிகம் பாதிக்காத, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைப் பயன்படுத்துகிறார்கள். கைப்பேசியின் பின்பக்கக் காமிராவில் அதைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் நமக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. வீட்டில் செய்யக்கூடியது, விளக்கைச் செடியின் நேர் மேலே தொங்கவிடுவதும், மாலையில் மலரும் அந்திமந்தாரை, பகலில் பற்றுக்கோல் தேடும் பீர்க்கங்கொடி போன்று வெளிச்சம் உள்ளபோதே தம் வேலையைக் காட்டுபவற்றைத் தேர்ந்தெடுப்பதும்தான். பீர்க்கங்கொடியின் பற்றுக்கம்பி காற்றில் வட்டமிட்டுத் துழாவுவதைப் படம்பிடிக்க அரை நிமிடத்திற்கு ஒரு படம் வேண்டும். அது எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஒரு குச்சியை நட்டு வைக்க மறந்துவிடாதீர்கள்.