விண்டோஸை ஃபார்மட் போடும் முன் பிஐடியைப் பாருங்கள்

மறுபடியும் அதே புகார்: "கணினியின் யூஎஸ்பியை இயந்திரத்தின் சீரியல் போர்ட்டோடு இணைக்கும் யூஎஸ்பி-சீரியல் கேபிள் நேற்று வரை ஓடியது, இன்று வேலை செய்யவில்லை. ஃபார்மட் போட்டுப் பார்த்தோம், அப்போதும் வரவில்லை." வராது. பிஎல்சி (இயந்திரத்தை இயக்கும் கன்ட்ரோலர்) மென்பொருள், லைசென்ஸ், செட்டிங்ஸ் எல்லாவற்றையும் அழித்ததுதான் மிச்சம்.

ஏன் வராது என்பதைப் பொறுமையாகவே சொல்லிவிடுகிறேன். கேபிளுக்குள் இருக்கும் சிப் போலியாக இருந்தால், டிரைவர் (சிப்பை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) அதை இரண்டு விதமாக முடக்கலாம். ஒன்று, சிப்பின் சொந்த நினைவகத்திலேயே கை வைப்பது. அப்படியானால் கணினியை ஃபார்மட் போட்டாலும், வேறு கணினியில் செருகினாலும் அது அப்படியேதான் இருக்கும். இரண்டாவது, சிப்பைத் தொடாமல் டிரைவரே வேலை செய்ய மறுப்பது. இங்கே ஃபார்மட் போட்டு இணையத்தில் இணைத்த உடனேயே விண்டோஸ் அப்டேட் அதே புது டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும். எந்த வழியில் போனாலும் ஃபார்மட் வீண். சிப் எரிந்துவிட்டது என்று குப்பையில் போடுவதும் வீண்தான்.

முதல் வகைக்குப் பெயர்பெற்றது 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாகப் பரவிய எஃப்டிடிஐ டிரைவர், பதிப்பு 2.12.00. கிளாஸ்கோவைச் சேர்ந்த அந்த நிறுவனத்தின் எஃப்டி232ஆர்எல் சிப்புக்குச் சந்தையில் போலிகள் ஏராளம். அசல் சிப் தன் ஈஈபிராமில் (சிப்பின் சொந்த நினைவகம்) 32 பிட்டாகச் சேர்த்துத்தான் எழுதும். போலி, 16 பிட் வந்ததுமே எழுதிவிடும். டிரைவர் பாதியை மட்டும் அனுப்பியது. அசலில் ஒன்றும் மாறவில்லை. போலியில் பிஐடி, அதாவது இது எந்தச் சாதனம் என்று கணினி அறிந்துகொள்ளும் எண், 6001 என்பதிலிருந்து 0000 ஆனது. செக்சம் (நினைவகத் தரவு சரிதானா என்று பார்க்கும் கூட்டு எண்) பொருந்தும்படியும் ஒரு மதிப்பை எழுதியிருந்தார்கள், ஆகவே கைதவறி நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. போலி செய்தவனுக்கு இதில் ஒரு காசு நஷ்டம் இல்லை, காசு கொடுத்து வாங்கியவன் தலையில்தான் விடிந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். ஆனாலும் பழைய டிரைவர் தொகுப்பைப் பென்டிரைவில் வைத்திருப்பவர்கள் பதிப்பு எண்ணை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

2016-இல் வந்த எஃப்டிடிஐ டிரைவர் இரண்டாம் வகை, சிப்பை விட்டுவிட்டது. உங்கள் தரவுக்குப் பதிலாக 'நான் ஜெனுவின் டிவைஸ் ஃபவுண்ட்!' என்ற வாசகத்தை சீரியல் லைனில் தள்ளியது. மறுமுனையில் இயந்திரக் கன்ட்ரோலர் இருந்தால் இது விளையாட்டு இல்லை. தைவானின் புரொலிஃபிக் நிறுவனத்தின் பிஎல்2303 டிரைவரோ மஞ்சள் முக்கோணமும் 'கோட் 10' பிழையும் காட்டி நின்றுவிடும். ஆனால் அதை வைத்துக் கேபிள் போலி என்று முடிவு கட்டாதீர்கள். நிறுவனமே நிறுத்திவிட்ட பழைய அசல் எச்எக்ஸ்ஏ சிப்பும் அங்கே அதே கதிதான்.

ஆக, முதல் வேலை டிவைஸ் மேனேஜரைத் திறப்பது. சாதனத்தை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்ட்வேர் ஐடிஸ். விஐடி (தயாரிப்பாளர் எண்) 0403, பிஐடி 0000 என்றிருந்தால் சிப்பில் மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. லினக்ஸ் கணினியில் செருகி, எஃப்டி232ஆர்_ப்ராக் என்ற இலவசக் கருவியில் பழைய பிஐடி 0000, புதியது 6001 என்று கொடுத்தால் சரியாகிவிடும். அதன்பின் 2.12.00 இருக்கும் கணினிப் பக்கமே அதைக் கொண்டுபோகாதீர்கள்.

பிஐடி 6001 என்று சரியாக இருந்தும் தரவு குப்பையாக வந்தால், கேபிளை இயந்திரத்திலிருந்து கழற்றிவிட்டு டிஎக்ஸ் (அனுப்பும்), ஆர்எக்ஸ் (பெறும்) பின்களை ஒரு ஜம்பர் கம்பியால் இணைத்து, புட்டி என்ற டெர்மினல் மென்பொருளில் தட்டச்சு செய்யுங்கள். தட்டியதே திரும்ப வரவேண்டும். அந்த எச்சரிக்கை வாசகம் வந்தால் சந்தேகமே வேண்டாம், போலி.

பிஎல்2303 கோட் 10-க்குப் பழைய 3.3.2.105 டிரைவரை நிறுவிவிட்டு, அப்டேட் டிரைவரில் 'பட்டியலிலிருந்து நானே தேர்வு செய்கிறேன்' என்ற வழியில் அந்தப் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். பிறகு சிஸ்டம் பிராப்பர்ட்டீஸ், ஹார்ட்வேர், டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸில் 'நோ' வையுங்கள். இதைச் செய்யாமல் இரண்டு நாளில் மறுபடி போன் அடிக்காதீர்கள். இதெல்லாம் அவசரத்துக்கு மட்டும். உற்பத்தி வரிசையில் ஓடும் கணினிக்குக் கேபிளை மாற்றிவிடுவதே முறை.

வாங்கும்போது சிப்பின் மேல் எழுத்தை நம்பாதீர்கள். போலியில் மை அச்சு, அசலில் லேசர் என்ற அடையாளம் ஒரு காலத்தில் உதவியது; இன்று போலியிலும் லேசர்தான். பத்து மாட்யூலிலும் ஒரே சீரியல் எண் இருந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள். எஃப்டிடிஐதான் வேண்டுமென்றால் மௌசர், டிஜிகீ, எலிமென்ட்14 போன்ற அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்குங்கள். விலை கட்டாதா? சிஎச்340 போதும். அது மலிவுதான், ஆனால் இன்னொருவர் விஐடியைத் திருடாமல் சொந்தப் பெயரில் வரும் சிப். வாடிக்கையாளருக்குப் போர்டு செய்து தருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாகங்களின் பட்டியலில் (பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்) சிப்பின் முழுப் பாக எண்ணையும் வாங்கிய இடத்தையும் எழுதி வையுங்கள், அசெம்பிளி செய்பவர் கையில் கிடைத்ததைப் பொருத்த விடாதீர்கள்.